தண்ணீர் போன வழியில் சைக்கிள்

திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிரியாணி, பூட்டு, அப்புறம் கொடைக்கானலுக்குப் போகிற வழி. இந்த மூன்றாவது அடையாளம்தான் ஊருக்கு நேர்ந்த அநியாயம். வாரக் கடைசியில் வடக்கேயிருந்து வரும் கார்கள் மலைக்கோட்டையை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்க்கும். செம்பட்டியில் ஒரு டீ, வத்தலக்குண்டில் பெட்ரோல். பிறகு மலையேறிவிடும். மேலே போய், 1863-ல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி உருவாக்கிய ஏரியைச் சுற்றி, வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு குடும்பமே ஐந்து கிலோமீட்டர் ஓட்டும். அந்த ஒரு ஏரிக்காகக் கீழே எத்தனை குளத்தையும் கண்மாயையும் தாண்டி வந்தோம் என்று காரில் யாருக்கும் தோன்றாது.

கீழேயே ஓட்டலாம். ஏரி உண்டு, கோட்டை உண்டு, நானூறு வருஷத்துச் சிற்பம் உண்டு. பெரிய ஏற்றம் கிடையாது. நான்குவழிச் சாலையை விட்டு இறங்கிவிட்டால் லாரித் தொல்லையும் குறைவு. ஆனால் இந்தக் கட்டுரை அதற்காக மட்டும் எழுதப்படவில்லை. இந்தச் சமவெளியின் சரித்திரத்தைப் புரிந்துகொள்ள சைக்கிளைவிடத் தோதான வண்டி இல்லை என்பது என் கட்சி. காரணம் எளிது. காரில் போகிறவருக்கு எல்லாம் ஒரே தரைதான். சைக்கிள் மிதிக்கிறவரின் தொடைக்குத் தெரியும், எது மேடு, எது பள்ளம் என்று. தண்ணீருக்கும் அது தெரியும். இந்தப் பக்கத்தில் கோட்டை கட்டியவர், கோயில் எடுத்தவர், குளம் வெட்டியவர் எல்லோரும் தண்ணீரைப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறார்கள்.

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 265 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மேற்கே பழனி மலைத்தொடரின் கீழ்மலை, கிழக்கே சிறுமலை. நடுவில் கிடக்கிற நிலம் மெல்லச் சாய்ந்திருக்கிறது, அதுவும் இரண்டு திசையில். ஆத்தூருக்கு மேலே மலையில் பெய்கிற மழை குடகனாறாகி வடக்கே ஓடுகிறது. தாடிக்கொம்பு, வேடசந்தூர் தாண்டி கரூர்ச் சீமையில் அமராவதியோடு கலந்து காவிரிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே, அய்யம்பாளையத்துக்கு மேலே பெய்கிற மழை மருதாநதியாகி வைகைக்குப் போகிறது. ஒரே மலை, ஒரே மேகம். ஒரு பங்கு திருச்சிப் பக்கம், ஒரு பங்கு மதுரைப் பக்கம். இந்த இரண்டு பங்கும் பிரிகிற மேட்டில் ஒரு அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது. பெடல் கனத்து, பிறகு லேசாகும்போது நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கிளம்ப வேண்டிய இடம் மலைக்கோட்டை அடிவாரம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு (ஊர்ப் பூட்டாகவே இருக்கட்டும், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு) பாறையில் வெட்டிய படிகளில் ஏற வேண்டும். ஏறத்தாழ 900 அடி உயரமுள்ள ஒற்றைப் பாறை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில் கோட்டை வேலை தொடங்கியது, திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்பட்டது. பீரங்கி மேடை, வெடிமருந்துக் கிடங்கு, சிறை அறைகள் எல்லாவற்றையும் தொல்லியல் துறை பாதுகாத்து வைத்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பீரங்கிப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அங்கே முக்கியமாகப் படுவது பாறைக்குழிகளில் தேங்கி நிற்கும் மழைநீர்ச் சுனைகள். மேலே தண்ணீர் இல்லாத கோட்டையை யாரும் சுட்டு வீழ்த்த வேண்டியதில்லை. சுற்றி உட்கார்ந்தாலே போதும், தாகமே கதவைத் திறந்துவிடும்.

உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது, கருவறையில் மூலவர் இல்லை. அபிராமி அம்மன் இன்று ஊருக்குள் இருக்கிறாள். பீரங்கியும் பாளையமும் இருந்த மலையில் சாமிக்கும் இடம் நெருக்கடியாகிவிட்டது போலும்.

இந்தப் பாறைமேல் கண்வைக்காதவர் இல்லை. 1755-ல் மைசூரின் ஃபௌஜ்தாராக இங்கே வந்தவர் ஹைதர் அலி. அப்போது அவர் மைசூர்ப் படையில் ஒரு தளபதி மட்டுமே. பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை வைத்து, பீரங்கிப் படை திரட்டி, தன் கையை வலுப்படுத்திக்கொண்டது திண்டுக்கல்லில்தான். மைசூர் சிம்மாசனத்துக்கான ஏணியின் முதல் படி இந்தப் பாறையில் இருந்தது என்றால் அதிகமில்லை. 1767-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஹைதர் மீட்டார். 1783-ல் மறுபடி பிடித்தார்கள், மறு வருஷம் மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-ல் மீண்டும் முற்றுகை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு நிரந்தரமாக விட்டுக்கொடுத்தார். இருபத்தைந்து வருஷத்துக்குள் இத்தனை கைமாற்றம். மேலே நின்று சுற்றிப் பார்த்தால் காரணம் புரியும். மேற்கே பழனிக்கும் கோயம்புத்தூருக்கும், வடக்கே கரூருக்கும், தெற்கே மதுரைக்கும் போகிற மூன்று வழியும் கண்ணுக்குள் அடங்கும்.

இறங்கி வந்து பேகம்பூர் போகலாம். பெரிய பள்ளிவாசலை ஒட்டி ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கஸ்தலம் இருக்கிறது. அந்தப் பகுதிக்கே அவர் பெயர்தான். அப்புறம் கோபால சமுத்திரக் கரை. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டது இந்தக் குளக்கரையில் என்பது ஊர் வழக்கு. காளையார்கோவில் விழுந்த பிறகு வேலு நாச்சியாருக்குப் புகலிடம் கொடுத்த விருப்பாட்சி அவருடையது. ஹைதரின் படை உதவியோடு 1780-ல் நாச்சியார் சிவகங்கையை மீட்டதற்குப் பின்னணியில் இந்த ஊர் இருந்தது. தீரன் சின்னமலைக்கும் மருது சகோதரர்களுக்கும் சினிமாவும் பாடப்புத்தகமும் செய்த மரியாதையில் கால்வாசிகூடக் கோபால் நாயக்கருக்குக் கிடைக்கவில்லை. குளமும் நகரத்துக் குளங்களின் தலையெழுத்துக்குத் தப்பவில்லை. சுற்றிக் கடை, உள்ளே ஆகாயத்தாமரை.

ஊரை விட்டுத் தெற்கே இறங்கும்போது மதுரை நெடுஞ்சாலை வழுவழுப்பாகக் கூப்பிடும். நம்ப வேண்டாம். லாரிகள் கிழிக்கிற காற்றில் சைக்கிள் ஆடும். சர்வீஸ் ரோடு கிடைக்கிற இடத்தில் அதைப் பிடித்து, சின்னாளபட்டிக்கு ஒதுங்கிவிடுவது நல்லது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர் இது. சுங்குடிச் சேலையும் செயற்கைப் பட்டும் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் கொடுத்த செழிப்பு இன்று இல்லை. ஆனால் தெருவில் பாவு நீட்டி வேலை செய்கிறவர்களை இப்போதும் பார்க்கலாம். சைக்கிளை நிறுத்தித் தள்ளிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். அது மரியாதையும்கூட.

பக்கத்திலேயே காந்திகிராமம். டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு டாக்டருக்குப் படித்தார். காந்தியின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். இருவரும் சேர்ந்து 1947-ல் இந்தப் பொட்டலில் ஆஸ்பத்திரி, பள்ளி, கிராமத் தொழில் என்று ஆரம்பித்ததுதான் காந்திகிராமம். 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனமாகி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. வளாகத்து மரநிழல் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நிறுத்தத்துக்கு நல்ல இடம். சிறுமலை இங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். எட்டிவிட முடியாது. அதன் கொண்டை ஊசி வளைவுகள் வேறு ஆளுக்கு, வேறு நாளைக்கு.

சின்னாளபட்டியிலிருந்து செம்பட்டிக்கு மேற்கே போகிற சாலையில்தான் காட்சி மாறுகிறது. செம்மண்ணும் சோளக்கொல்லையும் பின்தங்கி, தென்னை கூடுகிறது. செம்பட்டியில் எல்லாக் காரும் இடது பக்கம் வத்தலக்குண்டுக்குத் திரும்பும். நாம் ஆத்தூர்ப் பக்கம். ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் சாலையின் ஒரு பக்கம் திடீரென்று உயர்ந்து கண்மாய்க் கரை ஆகிறது. கரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சைக்கிளில் இருந்து தெரியாது. இறங்கி ஏற வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஏறினால் கண் நிறையத் தண்ணீர். சித்திரையில் ஏறினால் வெடித்த வண்டலும் மேய்கிற மாடும். இரண்டும் கண்மாய்தான்.

நடுக்குளம், கருங்குளம், புல்வெட்டிக் கண்மாய் என்று ஆத்தூர், சித்தையன்கோட்டை வட்டாரத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை. இவற்றைத் தனித்தனி ஏரியாக நினைத்தால் விஷயம் பிடிபடாது. மலையிலிருந்து வருகிற ஓடையைத் தடுத்து வாய்க்காலில் திருப்புகிறார்கள். வாய்க்கால் மேல் குளத்தில் விழுகிறது. அது நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மோட்டார் கிடையாது, குழாய் கிடையாது. தரையின் சரிவு ஒன்றுதான் எஞ்சின். மேல் குளத்துக் கரையிலிருந்து கீழ் குளத்துக்குப் போகிற பாதையில் சைக்கிளை மிதிக்காமல் விட்டுப் பாருங்கள். தானாக உருளும். அந்தச் சரிவை நீர்மட்டக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் கண்டுபிடித்து வாய்க்கால் வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்கப்போவதில்லை.

ஒரு பழைய மடையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து சில அடி தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். குறுக்கே துளையிட்ட கல்பலகைகள். துளை வழியாக ஒரு கம்பு அல்லது இரும்புத் தண்டு அடிக்கல்லில் இருக்கிற ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். தண்டைத் தூக்கினால் ஓட்டை திறக்கும், தண்ணீர் கரைக்கு அடியில் கட்டிய கல்வாய் வழியாக வயலுக்குப் போகும். எத்தனை விரல்கடை தூக்க வேண்டும் என்பது மடை திறக்கும் ஆளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. குளம் நிறைந்திருக்கும்போது மூச்சடக்கி மூழ்கித் திறந்த காலமும் உண்டு. இப்போது பல இடங்களில் திருகு வைத்த இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. கரையின் கோடியில் கலிங்கு இருக்கும். கல்தளத்தின் மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்கள். வெள்ளம் வரும்போது கற்களுக்கு இடையில் தடையின்றி ஓடிவிடும். மழை ஓய்கிற சமயத்தில் அதே இடைவெளியை மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்தால் குளத்தில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஒரு முழம் என்பது கடைமடை வயலுக்கு ஒரு நனைப்பு. பேராசை எடுத்து அடைத்து வைத்து, அன்று இரவே புயல் மழை வந்தால் கரை போய்விடும். இந்தச் சூதாட்டத்தைத்தான் ஒவ்வொரு வருஷமும் ஊர் கூடி ஆடியது.

ஆத்தூரிலிருந்து மலை நோக்கிப் போனால் காமராஜர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரம் குடிக்கிற தண்ணீரில் முக்கியப் பங்கு இது. முழு உயரம் 23.5 அடிதான். மேட்டூரைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் மூன்று பக்கமும் மலை வளைத்து நிற்க, கரைச்சாலையில் காலை ஏழு மணிக்குச் சைக்கிள் ஓட்டுகிறபோது அந்தச் சிரிப்பு வராது. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். மழை வருஷத்தில் தென்னந்தோப்பு வரை தண்ணீர் வந்து நிற்கும்.

அழகு ஒரு பக்கம். இந்த வட்டாரத்தில் தண்ணீர்ப் பேச்சை எடுத்தால் பஞ்சாயத்தும் கூடவே வரும். மலையிலிருந்து வருகிற தண்ணீரில் குளங்களுக்குத் திருப்பிவிடுகிற ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, குடகனாற்றுக்கு எவ்வளவு என்பது பழைய வழக்கு. ராஜவாய்க்கால் பாசனக்காரர்கள், காலம்காலமாக எங்கள் குளங்களுக்கு வருகிற தண்ணீர் இது என்கிறார்கள். ஆற்றோரத்துக் கீழ்ப் பகுதி விவசாயிகள், இயற்கையாக ஓடுகிற ஆற்றை மறித்தால் அனுமந்தராயன்கோட்டையிலிருந்து வேடசந்தூர் வரை எங்கள் கிணறு என்ன ஆவது என்கிறார்கள். அரசு வல்லுநர் குழு போடுகிற அளவுக்கு விஷயம் முற்றியது. காவிரிக்குக் கர்நாடகத்தோடு மல்லுக்கட்டுகிற நாம், இருபது மைலுக்குள்ளேயே ஒரு சின்னக் காவிரி வழக்கை வைத்திருக்கிறோம். இரண்டு தரப்பு ஊர்களையும் ஒரே காலையில் சைக்கிளில் தொட்டுவிடலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றும், அதுதான் சங்கடம்.

சித்தையன்கோட்டையிலிருந்து அய்யம்பாளையத்துக்குப் போகிற சாலையில்தான் நான் முதலில் சொன்ன மேடு வருகிறது. காவிரிக்காரனாக ஏறி வைகைக்காரனாக இறங்குகிறோம். இரண்டு பக்கமும் தென்னை, இடையிடையே வாழை, வெற்றிலைக் கொடிக்கால். பள்ளிக்கூடம் விடுகிற நேரமானால் சாலை முழுக்க அரசாங்க சைக்கிள்தான். கேரியரில் புத்தகப் பை, ஹேண்டில்பாரில் டிபன் பை, பக்கத்துக்குப் பக்கம் ஓட்டிக்கொண்டே பேச்சு. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005-ல் எல்லோருக்கும் விரிந்தது. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. ஹெல்மெட்டும் இறுக்கமான உடுப்புமாக வார விடுமுறைக்கு வருகிற நகரத்து சைக்கிள்காரர்கள் இந்தச் சாலைகளுக்குப் புதியவர்கள். சீருடைப் பெண்கள் பழைய உரிமைக்காரர்கள். மணியடித்துவிட்டு ஒதுங்கிப் போவதுதான் முறை.

அய்யம்பாளையத்துக்கு மேலே மருதாநதி அணை, 74 அடி. அங்கிருந்து பட்டிவீரன்பட்டி நெருக்கம். ஊருக்குள் நுழையும்போதே காப்பி வாடை வரும். தாண்டிக்குடிப் பக்கத்துக் கீழ்மலைக் காப்பிக்கொட்டை இங்கே இறங்கித்தான் தோல் நீக்கி, தரம் பிரிந்து வெளியே போகிறது. இந்த ஊர்க்காரர்தான் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர். சென்னை பாண்டி பஜாருக்கு இவர் பெயர்தான். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்றாத பஸ்ஸின் உரிமத்தை ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்டவர். சாலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்தக் காலத்திலேயே பதில் சொன்னவரின் ஊரில் ஒரு டம்ளர் காப்பி குடிக்காமல் போகக்கூடாது.

வத்தலக்குண்டில் கார்களோடு மறுபடி சந்திப்பு நேர்கிறது. ஹாரன், கொய்யாப்பழக் கூடை, கொடைக்கானல் பஸ். ஒரே ஊரில் இத்தனை எழுத்து எப்படி முளைத்தது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். 1872-ல் பி.ஆர்.ராஜம் அய்யர் பிறந்தது இங்கே. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதி, இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். 1884-ல் சுப்பிரமணிய சிவா. பிறகு மணிக்கொடிக்காரர் பி.எஸ்.ராமையா. ‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி.சு.செல்லப்பாவுக்கும் இதுவே வளர்ந்த ஊர். செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ தெரியாதவர்கள் இப்போது குறைவு. படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

இங்கே மலைப் பக்கம் திரும்பாமல் நிலக்கோட்டை சாலையைப் பிடித்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் இறக்கம். வழியெல்லாம் மல்லிகைத் தோட்டம். விடியற்காலையில் வந்தால் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பூப்பறிப்பவர்களைப் பார்க்கலாம். அரும்பு விரிவதற்கு முன் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். மொபெட்டில் மூட்டை கட்டிப் பறக்கிற பூ வியாபாரிகளுக்கு சைக்கிள்காரன் இடைஞ்சல்தான், ஓரமாகப் போங்கள். நிலக்கோட்டை ஜமீன்தார் கூளப்ப நாயக்கரைச் சுப்ரதீபக் கவிராயர் பாட்டுடைத் தலைவனாக்கிக் காதல் பிரபந்தமும் விறலிவிடு தூதும் பாடியிருக்கிறார். பெரியவர்கள் அலமாரியின் பின்வரிசையில் ஒளித்து வைத்த ரகம்.

இன்னும் தெற்கே போனால் அணைப்பட்டி, வைகைக் கரை, பேரணை. பார்க்க ஒரு சாதாரண மதகு வரிசைதான். ஆனால் 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, சுருளியாற்றிலும் வைகையிலும் ஓடி, மேலூர் வரை போகிற பிரதான கால்வாய்க்குள் திரும்புவது இங்கேதான். அரபிக்கடலுக்குப் போக வேண்டிய மழையை பென்னிகுக் திருப்பினார். அந்தத் தண்ணீரைக் கிழக்கே மதுரை மண்ணுக்குப் பிரித்துவிடுகிற வாசல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அணைப்பட்டிக் கோயிலுக்கு வருகிற கூட்டம் அனுமாரைக் கும்பிட்டுவிட்டு மதகை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறது. அங்கிருந்து ரயில் பிடிக்கிறவர்கள் கொடைரோடு நிலையத்துக்கு வரலாம். ஸ்டேஷன் இருக்கிற அம்மையநாயக்கனூரில்தான் 1730-களில் சந்தா சாகிப்பின் படை மதுரை நாயக்கர் தரப்பை முறியடித்தது. கொடைக்கானல் டாக்சிகளுக்கு நடுவில் ஒரு அரச வம்சத்தின் கடைசிச் சண்டை நடந்த களம்.

நேரமும் பருவமும் பற்றிக் கொஞ்சம். இந்தப் பக்கத்துக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில்தான். தென்மேற்குக் காற்றின் மழையைப் பெரும்பாலும் மலையே வாங்கிக்கொள்ளும், நமக்கு வெறும் காற்றுதான் வரும். ஆடி மாதம் திண்டுக்கல்லிலிருந்து மேற்கே சைக்கிள் ஓட்டுவது தண்டனை. பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். குளங்களில் தண்ணீர் நிற்கும், வெயிலும் தாங்கும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் நெரியும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கியர் சைக்கிள் கட்டாயமில்லை. கட்டாயமானது இரண்டு உபரி டியூப். கண்மாய்க்கரை முழுக்கச் சீமைக்கருவேல முள், ரோட்டு டயரை ஊசி போலக் குத்திப் போகும். சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டன. பைக்குக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் மெல்லிய ரேஸ் டியூபைக் கையில் எடுத்து இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார், ஆனால் ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

இலங்கையில் பொலன்னறுவைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். பராக்கிரம சமுத்திரக் கரையில் வாடகைக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் நாள் முழுக்க இடிபாடுகளுக்கும் குளத்துக்கும் நடுவில் சுற்றுகிறார்கள். அங்கே அதுவே வழக்கமான பார்க்கும் முறை. இங்கே கோட்டை அடிவாரத்தில் பத்து சைக்கிளும், ஆத்தூர் வரை வழிகாட்டுகிற சில பலகைகளும் வைத்தால் ஆகிற செலவு, கொடைக்கானலில் ஒரு படகு வாங்குகிற செலவைத் தாண்டாது என்று நினைக்கிறேன். கேட்டால் ‘வெயில் சார், யார் ஓட்டுவா’ என்பார்கள். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிற பிரெவே சவாரிக்காரர்கள் தமிழ்நாட்டின் எல்லா நெடுஞ்சாலையிலும் இதே வெயிலில்தான் ஓட்டுகிறார்கள். பூப்பறிக்கிறவரும் தறி நெய்கிறவரின் மகளும் வருஷம் முழுக்க ஓட்டுகிறார்கள்.

வடக்கே ஒரு வழி மிச்சமிருக்கிறது. குடகனாற்றோடு கூடவே போகிற வழி. திண்டுக்கல்லிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டரில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில். வெளியே பார்த்தால் சாதாரண ஊர்க்கோயில். மண்டபத்துக்குள் நுழைந்தால் ஆள் உயரச் சிற்பங்கள் தூண்களை விட்டு வெளியே வரப் பார்க்கின்றன. உக்கிர நரசிம்மர், அகோர வீரபத்திரர், உலகளந்த பெருமாள், ரதி, மன்மதன். விஜயநகர, நாயக்கர் காலத்துக் கல்வேலை. மதுரைக்குப் போய்த் தூண் பார்க்கிறவர்கள் இங்கே ஒருமுறை வர வேண்டும். நரசிம்மரின் விரல் நகம்வரை உளி போயிருக்கிறது. மதுரையில் கூட்டத்தில் இடிபடாமல் ஒரு சிற்பத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது, இங்கே அரை மணி நேரம் நிற்கலாம். தேய்பிறை அஷ்டமியன்று மட்டும் வராதீர்கள். சொர்ண ஆகர்ஷண பைரவரைத் தேடிக் கூட்டம் அலைமோதும்.

கோயிலைத் தாண்டினால் ஆறு. பெரும்பாலான மாதங்களில் மணலும் நாணலும்தான். ஆத்தூரில் பார்த்த மறுகாலும் ராஜவாய்க்கால் சண்டையும் இங்கே நின்றால் வேறு மாதிரி அர்த்தமாகும். அங்கே கேட்ட வழக்கில் கீழ்ப் பகுதி என்று சொன்னார்களே, அது இது. வேடசந்தூர் வரை பருத்தி நூற்பாலைகள், முருங்கை, புகையிலைக் காடு. வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஒரு காலத்தில் திண்டுக்கல் சுருட்டு சீமைக்குக் கப்பலேறியது. அதற்கும் வடக்கே அழகாபுரியில் குடகனாறு அணை. 1977 வெள்ளத்தில் இந்த அணை உடைந்தது, பிறகு மறுபடி கட்டினார்கள். அன்று உடைத்துக்கொண்டு போகிற அளவுக்குத் தண்ணீர் வந்த அணைக்கு, இன்று மேலேயிருந்து எப்போது தண்ணீர் வரும் என்று விவசாயிகள் மனு எழுதுகிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வரை சைக்கிள் சுலபமாக ஓடிவிடும். ஆறு போகிற திசையில் போகிறோம், அவ்வளவுதான். அதை உங்கள் கால்பலம் என்று நினைத்துவிட வேண்டாம். வேடசந்தூரில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வருகிற வழி முழுக்க ஏற்றம்.